பணம் யார் பெயரில், யார் கையில்? வாசகர் கேள்வி - பதில்

பேறுகால உதவி, உதவித்தொகை, உரிமைத் தொகை என்று பெண்களுக்கு வரும் அரசுப் பணம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ‘தகுதி இருக்கிறது, பணம்தான் வரவில்லை’ என்ற ரகம். விதிகளில் பெரும்பாலும் ஆண், பெண் என்ற பாகுபாடே இருக்காது. வேலையில் சேர்ந்த தேதி, ரேஷன் கார்டு, இனிஷியல், செல்போன் எண் போன்ற சின்னச் சின்ன இடங்களில்தான் பெண்களுக்கு வரவேண்டிய பணம் சிக்கிக்கொள்கிறது.

பனியன் கம்பெனியில் 2025 நவம்பர் 10-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் 13,500 ரூபாய். மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். 2026 ஜூன் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்கிறார். ‘இ.எஸ்.ஐ.யில் உனக்குப் பணம் வராது’ என்கிறார் மேனேஜர். உண்மையா?
— வாசகி, திருப்பூர்

இது உங்களுக்கு முதல் வேலையா, இதற்கு முன்பும் வேறு எங்காவது இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்பதைப் பொறுத்தது. கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. அதனால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

இ.எஸ்.ஐ. ஆண்டை இரண்டாக வெட்டிக் கணக்குப் பார்க்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். பிரசவம் எந்தப் பலன் காலத்தில் விழுகிறதோ, அதற்கு உரிய சந்தா காலமும் அதற்கு முந்தைய சந்தா காலமும் சேர்ந்து 70 நாளுக்குச் சந்தா இருந்தால் 26 வாரச் சம்பளம் முழுதாகக் கிடைக்கும்.

முதல் வேலை என்றால் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து 9 மாதம் முடிந்த பிறகுதான் முதல் பலன் காலமே தொடங்கும். உங்கள் கணக்கில் அது 2026 ஆகஸ்ட் 10. ஜூனில் பிரசவம் என்றால் இ.எஸ்.ஐ.யில் பேறுகாலப் பணம் வராது. மேனேஜர் அதுவரை சொன்னது சரி.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் தகுதி வரும்வரை, பேறுகாலப் பலனைக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தில் 5ஏ பிரிவாக இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. இதற்குத் தேவை, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை. நவம்பரிலிருந்து ஒழுங்காக வேலைக்குப் போயிருந்தால் பிப்ரவரியிலேயே அது தாண்டியிருக்கும். பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் விடுப்பு எடுக்கலாம், மீதி பிரசவத்துக்குப் பின். முன் பகுதிக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான மருத்துவச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தரவேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும். வாயால் கேட்டால் வேலைக்கு ஆகாது. விடுப்பு தொடங்கும் தேதி, உங்கள் பணத்தை உங்களுக்குப் பதிலாக யாரிடம் தரலாம் என்ற விவரம் இரண்டையும் எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி செல்லாது.

இரண்டாவது நிலை: இதற்கு முன் வேறு கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருந்தது என்றால், 9 மாதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. 2024 அக்டோபரிலிருந்து 2025 செப்டம்பர் வரை எல்லாக் கம்பெனியும் சேர்த்து 70 நாள் சந்தா இருந்தால் போதும், இ.எஸ்.ஐ.யே தரும். இங்கேதான் திருப்பூரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கம்பெனி மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைச் சொல்லாமல் புதிய எண் போட்டுவிடுகிறார்கள். பழைய நாட்கள் பழைய எண்ணிலேயே தங்கிவிட, புதிய எண்ணில் ‘தகுதி இல்லை’ என்று வருகிறது. இரண்டு எண்ணும் இருந்தால், இரண்டையும் எழுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பளத்துக்கு மாதம் 102 ரூபாய் உங்களிடம் பிடிக்க வேண்டும் (0.75 சதவீதம், பைசா இருந்தால் அடுத்த ரூபாய்க்கு உயர்த்துவார்கள்), கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டுவதும், இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் பெயரில் நாட்கள் ஏறியிருப்பதும் வேறு வேறு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பேறுகால விடுப்பை நீட்டினால் கம்பெனிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் என்கிறார்களே? மற்ற ஏழை நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— முதுகலை மாணவி, மதுரை

தயக்கத்துக்குக் காரணம் விடுப்பின் நீளம் அல்ல. அந்தப் பணத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான். பங்களாதேஷின் 2006 தொழிலாளர் சட்டம் பிரசவத்துக்கு முன் 8 வாரம், பின் 8 வாரம் என 16 வாரம் கொடுத்தது. 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், பணத்தைத் தொழிற்சாலையே தரவேண்டும். அப்படியிருந்தால் முதலாளிக்கு என்ன தோன்றும்? ஐந்தாவது மாதத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான். இந்தியாவிலும் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு 26 வாரச் சம்பளம் முழுக்க முதலாளியின் பையிலிருந்துதான் போகிறது. 2017-இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியபோது, அந்தச் சுமையைப் பொதுநிதிக்கு மாற்றாமல் விட்டது பெரிய ஓட்டை என்பது எங்கள் கருத்து.

இ.எஸ்.ஐ. முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதத்தில் சந்தா. கம்பெனியில் நூறு பெண் இருந்தாலும் ஒரு பெண்கூட இல்லாவிட்டாலும் சதவீதம் மாறாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-இல் கொண்டுவந்த 183-ஆவது உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது: குறைந்தது 14 வாரம், முந்தைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, செலவு தனிப்பட்ட முதலாளி மேல் விழக் கூடாது.

ஆனால் சந்தா கட்டும் முறை, சம்பளச் சீட்டு உள்ளவருக்கு மட்டும்தான். வீட்டு வேலை, வயல் வேலை, பீடி, பூக்கட்டு என்று இருப்பவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்பாவது கிடைக்கும் ஆண்கள் உலகில் 54.6 சதவீதம், பெண்கள் 50.1 சதவீதம். பிள்ளை பெற்ற பெண்களில் பேறுகாலப் பணம் கிடைப்பது 36.4 சதவீதத்தினருக்கு.

உதவித்தொகை அனுப்பிவிட்டதாக ஆபீஸில் சொல்கிறார்கள். பாஸ்புக்கில் வரவு இல்லை. ஆதார் ஏற்கெனவே வங்கியில் கொடுத்தாகிவிட்டது. எங்கே போயிருக்கும்?
— வாசகி, பென்னாகரம்

பெரும்பாலும் உங்கள் பெயரிலேயே உள்ள வேறொரு கணக்கில் இருக்கும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக அனுப்பும் பணம் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. என்.பி.சி.ஐ. என்ற அமைப்பின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக ஒரே ஒரு வங்கி இருக்கும்; கடைசியாக எந்த வங்கியில் உதவித்தொகைக்காக ஆதாரை இணைத்தீர்களோ அது. நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, சுய உதவிக் குழுவுக்கு ஒரு கணக்கு, சிம் வாங்கும்போது கைரேகை வைத்ததில் தெரியாமலே திறந்த கணக்கு ஒன்று... இவற்றில் ஏதோ ஒன்றில் விழுந்திருக்கும்.

‘ஆதார் கொடுத்தாகிவிட்டது’ என்பதில் இரண்டு வகை உண்டு. அடையாளத்துக்காக நகல் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று ஒப்புதல் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் பட்டியலில் மாற்றம் இருக்காது.

மை ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் வங்கியின் பெயர், இணைத்த தேதி, இப்போது செயலில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். உள்ளே போக ஓ.டி.பி. வேண்டும். அந்த ஓ.டி.பி. கணவர் போனுக்கோ மகன் போனுக்கோ போகிறது என்றால், முதல் வேலையாக அதை மாற்றுங்கள். ஆதார் மையத்துக்கு நீங்களே நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், ஆவணம் எதுவும் தேவையில்லை. கட்டணம் 75 ரூபாய். சொந்தமாக போன் இல்லாவிட்டால், தினமும் கண்ணில் படும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர் எண் வேண்டாம்.

வேறு வங்கியின் பெயர் காட்டினால், பணம் அங்கே இருக்கிறதா என்று முதலில் அந்த வங்கியில் பாருங்கள். பிறகு, உங்களுக்கு வசதியான வங்கியில் ‘டி.பி.டி. (அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம்) வர என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்ய வேண்டும், முன்பு இன்ன வங்கியில் இருந்தது’ என்று ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பார்த்தால் பெயர் மாறியிருக்க வேண்டும். சரியான வங்கியே காட்டுகிறது, ஆனாலும் பணம் இல்லை என்றால், கணக்கு முடங்கியிருக்கலாம். இரண்டு வருடம் நீங்களாகப் போடுவது, எடுப்பது எதுவும் இல்லையென்றால் கணக்கைச் செயலற்றதாக்கி விடுவார்கள். அடையாள ஆவணங்களைப் புதுப்பித்துக் கொடுத்தால் உயிர்பெறும்.

இனிஷியல் தகராறு தனி. கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், வாக்காளர் அட்டையில் இனிஷியலே இல்லை. ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிறந்தது முதல் கடைசி வரை ஒரே எழுத்து. விண்ணப்பம் சரிபார்க்கும் கட்டத்தில் இது இடிக்கும். எதை மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். ஆதாரை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம்.

மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வந்ததும் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கி பிடித்துக்கொள்கிறதே, செய்யலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே எழுந்த பிரச்சினை இது. கணக்கை ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்காக’ மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை. மாதம் நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் 30 நாளுக்குள் அதை மூடிவிட வேண்டும்.

கணவர் விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு வயது 34. கைவிடப்பட்டோர் உதவித்தொகை கேட்டால் ‘இன்னும் இரண்டு வருடம் பொறு’ என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

விதி அப்படித்தான் இருக்கிறது. 30 வயது முடிந்திருக்க வேண்டும். கைவிடப்பட்டு 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டப்படி விவாகரத்தோ நீதிமன்றத்தின் பிரிவுச் சான்றோ இருக்க வேண்டும். கணவர் இறந்தால் சான்று கிடைத்த உடனே விண்ணப்பிக்கலாம், விட்டுவிட்டு ஓடினால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமாகத் தெரியவில்லை. அடுப்பு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதானே எரிய வேண்டும்?

காத்திருக்கும் காலத்தில் இரண்டு வழி உண்டு. ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்கச் சொல்கிறது சட்டம். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்.

இரண்டாவது, சான்று சேர்ப்பது. ஐந்து வருடம் முடிந்ததும் ‘எப்போதிலிருந்து?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். போலீஸ் மனு ரசீது, பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், நீங்கள் மட்டும் குடியேறிய வீட்டின் வாடகை ஒப்பந்தம், இப்படித் தேதி போட்ட காகிதம் எதுவானாலும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். ரேஷன் கார்டில் இன்னும் கணவர் பெயரோடு சேர்ந்திருந்தால், ‘சேர்ந்துதானே வாழ்கிறீர்கள்’ என்று மனுவைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். விண்ணப்பம் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

குடும்பத்துக்கு உதவி என்றால் ஏன் பெண்ணிடம்தான் கொடுக்கிறார்கள்? ஆணை ஒதுக்குவது சமத்துவமா? வெளிநாடுகளில் என்ன அனுபவம்?
— வாசகர், கோவை

இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவற்றில் ஒன்று மெக்சிகோ. 1997-இல் ‘புரோகிரெசா’ என்ற திட்டத்தில் அம்மாவின் கையில் பணம் கொடுத்தார்கள். நடுநிலைப் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு ஆண் பிள்ளையைவிடக் கூடுதல் தொகை, ஏனென்றால் அந்த வயதில்தான் பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கூடினார்கள். ஆனால் சுகாதார நிலையக் கூட்டத்துக்குப் போவது, பிள்ளையின் வருகைச் சான்று வாங்குவது எல்லாம் அம்மா தலையில்தான். பணம் அவள் பெயரில் வந்தது, கூடவே வேலையும் வந்தது. அப்பாவுக்கு ஒரு நிபந்தனையும் இல்லை. திட்டம் பெயர் மாறி மாறி ஓடி 2019-இல் முடிந்தது.

பிரேசிலின் ‘போல்சா ஃபமிலியா’ 2003-இல் வந்தது. 2023-இல் திரும்பக் கொண்டுவந்தபோது, வீட்டில் தலைக்கு மாதம் 218 ரியாலுக்கு மேல் வருமானம் இல்லாத குடும்பத்துக்குக் குறைந்தது 600 ரியால், 6 வயது வரையான ஒவ்வொரு குழந்தைக்கும் 150 ரியால் கூடுதல் என்று வைத்தார்கள். அட்டையைப் பெண்ணின் பெயரில் கொடுப்பதற்கே முன்னுரிமை.

எங்களுக்குப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் வழி. 1998-இல் அங்கே குழந்தை ஆதரவுத் தொகை தொடங்கியபோது, அம்மாவுக்கு என்றோ பெண்ணுக்கு என்றோ சட்டத்தில் எழுதவில்லை. ‘பிள்ளையை முதன்மையாகப் பார்த்துக்கொள்பவர்’ என்று எழுதினார்கள். அம்மா வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டால், பாட்டி வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையைப் பார்ப்பது அப்பா என்றால் அப்பா வாங்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தும் விண்ணப்பிக்கலாம். நடைமுறையில் வாங்குபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்களே. அது சட்டம் ஒதுக்கியதால் அல்ல. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான் என்பதால். குறை, தொகையில். 2024-இல் மாதம் 530 ராண்ட் கொடுத்தார்கள். அந்த வருடம் ஒரு ஆளுக்கான உணவு வறுமைக் கோடே 796 ராண்ட்.

பாகிஸ்தானிலிருந்தும் ஒரு செய்தி. 2008-இல் தொடங்கிய பெனாசிர் வருமான ஆதரவுத் திட்டத்தில் பணம் மணமான பெண்ணின் பெயரில்தான்; தேசிய அடையாள அட்டை கட்டாயம். அதுவரை அட்டையே எடுக்காத கிராமத்துப் பெண்கள் வரிசையில் நின்று எடுத்தார்கள். அதே அட்டைதான் ஓட்டுப் போடவும் வேண்டும். பிற்பாடு, கைரேகை வாங்கிப் பணம் தரும் கடைக்காரர்கள் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது அங்கே ஓயாத புகாராகிவிட்டது. நம் ஊரில் வங்கி முகவரிடம் கைரேகை வைத்து எடுப்பவர்களும், ரசீது கையில் வராமல் இரண்டாம் தடவை விரலை வைக்க வேண்டாம்.

சமுர்த்தி (இலங்கை அரசின் வறுமை நிவாரணம்) கிடைத்து வந்தது. அஸ்வெசுமவில் பெயர் வரவில்லை. கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள், கூலி வேலை. உழைக்கிற ஆண் உள்ள வீட்டுக்குக் கிடைத்திருக்கிறதே, எப்படி?
— வாசகி, கிளிநொச்சி

1995 முதல் இருந்த சமுர்த்தியின் இடத்தில் 2023-இல் அஸ்வெசும வந்தபோது, தெரிவு முறையே மாறிவிட்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீடும் சீமெந்துத் தரையும் உங்கள் புள்ளியை வசதியான பக்கம் தள்ளியிருக்கலாம். வீட்டுக்குள்ளே ஒரேயொரு சம்பாத்தியம்தான் என்பது அதில் போதுமான அளவு தெரியாது.

மேன்முறையீடு செய்யும்போது ‘நான் விதவை, கஷ்டப்படுகிறேன்’ என்று மட்டும் எழுதினால் புள்ளி மாறாது. கணக்கெடுப்பில் பதிந்த விவரத்தில் எது பிழை என்று காட்டுங்கள்: வீடு யார் பெயரில், எந்தத் திட்டத்தில் கிடைத்தது, மோட்டார் சைக்கிள் இருந்தால் ஓடுகிறதா, பிள்ளைகளில் யாருக்கு நீண்ட நாள் நோய், கூலி மாதத்தில் எத்தனை நாள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பதிவு இலக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குழந்தை உண்டாகியிருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் இதற்கும் கிடைக்குமா? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன்.
— வாசகி, விழுப்புரம்

19 வயது முடிந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள பெண்ணுக்கு இரண்டு பிரசவம் வரை உண்டு. மொத்தம் 18,000 ரூபாய்: ரொக்கமாக 14,000, தலா 2,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. ரொக்கம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000. மத்திய அரசின் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள் அடக்கம் என்பதால், அது தனியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைக் கணினியில் பதியும்போது தரும் எண்) வாங்குங்கள். அம்மா வீட்டுக்குப் போனதும் அந்த ஊர் செவிலியரிடம் இதே எண்ணைக் கொடுங்கள். புதிய எண் போட விடாதீர்கள். போட்டால் முதல் எண்ணில் தவணை பாதியில் நிற்கும், இரண்டாவது எண்ணில் ஆரம்பக்காலப் பரிசோதனையே காட்டாது. குழந்தைக்குத் தடுப்பூசி எந்த ஊரில் போட்டாலும் அட்டையில் ஏறியதோடு விடாமல், கணினியிலும் ஏறியதா என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம், மூன்றாம் தவணை அதைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படும்.